சும்மா இருந்த சகலை

என் சகலை ஒரு வேலை செய்து நான் பார்த்ததே இல்லை.

சகலை என்றால் என் மனைவியின் அக்காள் வீட்டுக்காரர். பெயர் எதற்கு? தவளக்குப்பம் கூட்டுரோட்டில் ‘பெரிய மாப்ளை’ என்று கேட்டால் பழக்கடைக்காரி முதல் ஆட்டோக்காரர் வரை கை காட்டுவார்கள். எங்கள் மாமனாரின் சிமெண்டு, இரும்புக் கடை அந்தச் சந்திப்பில்தான் இருக்கிறது. அதே வீட்டில்தான் நானும் பெண் எடுத்தேன். ஆனால் ‘சின்ன மாப்ளை’ எங்கே என்று ஒருவரும் கேட்டு வந்ததில்லை. என்னைக் ‘கம்ப்யூட்டர்காரர்’ என்பார்கள்.

அதில் எனக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. ஆறாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். மோட்டார் காயில் சுற்றும் பட்டறையில் தரையைக் கூட்ட ஆரம்பித்து, காயில் சுற்றக் கற்று, ஸ்டெபிலைசர், யுபிஎஸ் என்று ஏறி, இன்றைக்கு லாஸ்பேட்டையில் சொந்தமாகக் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். பட்டம் வாங்கிய பிள்ளைகள் என் எதிரில் வந்து நின்று, “சார், இது ஏன் பூட் ஆக மாட்டேங்குது?” என்று கேட்கிறார்கள். எனக்கு ஆங்கிலம் படிக்க வராது. எழுத்தைப் படமாகப் பார்ப்பேன். ஒரு கட்டளையை ஒரு தடவை பார்த்தால் போதும், அடுத்த வீட்டுக் கோலத்தைப் பார்த்துப் போடுகிற மாதிரி அப்படியே அடித்துவிடுவேன். கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் முழுக்க எனக்கு இப்படித்தான் வந்தது. சும்மா உட்கார்ந்த நாள் என் வாழ்க்கையில் கிடையாது. என் மனைவியைக் கேளுங்கள், சாப்பிடும்போதுகூட என் இடது கையில் ஸ்க்ரூடிரைவர் இருக்கும் என்பாள்.

அப்படிப்பட்டவனுக்கு இப்படி ஒரு சகலை.

இளவயதிலேயே பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போனவர். சொல்தா என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். சேவையை முடித்துக்கொண்டு பென்ஷனோடு ஊர் திரும்பும்போது தலைமயிர்கூட நரைக்கவில்லை. அங்கே என்ன வேலை பார்த்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

“காவலுக்கு நின்னேன் தம்பி.”

“எதை அண்ணே காவல் காத்தீங்க?”

“அத எனக்குச் சொல்லல.”

இதைச் சிரிக்காமல் சொன்னார்.

காலையில் குளித்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு மாமனார் கடைக்கு வருவார். கல்லாவுக்குப் பக்கத்தில் வயர் பின்னிய நாற்காலி ஒன்று உண்டு. அதில் உட்கார்ந்து இரண்டு கையையும் வயிற்றின் மேல் கோத்துக்கொள்வார். அவ்வளவுதான். பேப்பர் படிக்க மாட்டார். போனை எடுத்துப் பார்க்க மாட்டார். கடலூர் ரோட்டில் பஸ்ஸும் லாரியும் ஒன்றையொன்று திட்டிக்கொண்டு போகும்; அதையும் பார்க்கிறாரா என்று சொல்ல முடியாது. மத்தியானம் வீட்டிலிருந்து வரும் மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு அதே நாற்காலியில் கண்ணை மூடுவார். தலை சாயாது, வாய் திறக்காது. தூங்குகிறாரா விழித்திருக்கிறாரா என்பது அவருக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

கடைக்கு வருகிறவர்கள் ஆணியையும் கம்பியையும் வாங்கிக்கொண்டு போகவேண்டியதுதானே? போக மாட்டார்கள். அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நிற்பார்கள். ஒரு கொத்தனார் மேஸ்திரி, தன் மகன் வேலைக்குப் போகாமல் சுற்றுகிறான் என்று ஒரு மணி நேரம் சொல்லிப் புலம்புவார். சகலை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “துஸ்மான் மேஸ்திரி, துஸ்மான்” என்பார். பிரெஞ்சில் ‘மெதுவா’ என்று அர்த்தமாம். அந்த ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு மேஸ்திரி பெரிய வைத்தியம் பார்த்துக்கொண்டவர் மாதிரி போவார். அதே மேஸ்திரியின் பையனுக்கு நான் ஒரு கடையில் வேலை வாங்கிக் கொடுத்தேன். என்னிடம் வந்து ஒரு நன்றி சொல்லவில்லை. “பெரிய மாப்ளை வாய் முகூர்த்தம்” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஒரு புயலில் கடைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. சிமெண்டு மூட்டைகளை மேலே ஏற்றிவிட்டு, நான் வாளியை எடுத்து வாரி வாரி ஊற்றினேன். உள்ளங்கை இரண்டும் கொப்புளம். சகலை பெஞ்சின் மேல் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார்.

“அண்ணே, ஒரு வாளி பிடிங்க.”

“நீங்க வாரி ரோட்டுல ஊத்துறீங்க. ரோட்டுலேருந்து அதே தண்ணிதான் உள்ள வருது. ஆத்துல தண்ணி வடிஞ்சா இதுவும் வடிஞ்சிடும். துஸ்மான் தம்பி.”

சாயங்காலம் தண்ணீர் தானாக வடிந்தது. மாமனார் என் கையைப் பார்க்கவில்லை. “மாப்ளை அப்பவே சொன்னாரு பாத்தியா?” என்றார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த வீட்டில் மூத்தவரை மாமனார் “வாங்க மாப்ளே” என்று எழுந்து நின்று கூப்பிடுவார். நான் போனால் “வாப்பா” என்பார், எழுந்திருக்க மாட்டார். கல்யாணத்துக்கு முன்பே அவர் கடைத் தண்ணீர் மோட்டாருக்குக் காயில் சுற்றிக்கொண்டு போய்க் கொடுத்தவன் நான். அந்தப் பழக்கம் அவர் நாக்கில் ஒட்டிக்கொண்டது. பெண்ணைக் கொடுத்தார், அந்த ஒரு சொல்லைக் கொடுக்கவில்லை. நான் கார் வாங்கினேன், வீடு கட்டினேன். ‘வாப்பா’ மாறவில்லை.

மாமனாருக்கு மகன் கிடையாது, இரண்டும் பெண்கள். முழங்கால் தேய்ந்துபோய் ஆபரேஷன் என்று முடிவானபோது, கடையை யார் கையில் விடுவது என்ற பேச்சு வந்தது. கடைச் சாவிக்கொத்து எந்நேரமும் அவர் அர்ணாக்கயிற்றில் தொங்கும். குளிக்கும்போதுகூட அவிழ்க்க மாட்டார். அது எனக்குத்தான் வரவேண்டும் என்று நான் நினைத்தேன். நினைத்ததில் என்ன தப்பு? கணக்கு வழக்கு தெரிந்தவன் யார், ஓடியாடுகிறவன் யார்? அந்தச் சாவி என் கைக்கு வந்துவிட்டால், எழுந்து நிற்காவிட்டாலும், ‘வாங்க’ என்றாவது சொல்வார் இல்லையா?

அதற்காகத்தான் அவர் கடைக்கு ஒரு கம்ப்யூட்டர் கொடுத்தேன். பழசு இல்லை. புது மதர்போர்டு, புது பிராசஸர், எல்லாம் நானே பார்த்துப் பார்த்துக் கோத்தது. லினக்ஸ் ஏற்றி, பில் போடவும் சரக்கு இருப்பு பார்க்கவும் ஏற்பாடு செய்து, மாலை போட்டுப் பொட்டு வைத்து மேசையில் வைத்தேன். மாமனார் கைத்தடியை ஊன்றிக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“நம்ம கைப்பட செஞ்சது மாமா. நின்னுபோவுறதுங்குற பேச்சே இல்ல” என்றேன்.

அந்த வாரமே நின்றுவிட்டது.

திரை அப்படியே உறைந்துவிடும். மூலையில் ஓடும் கடிகாரம் நிற்கும், மவுஸ் அசையாது. ஸ்விட்சை அமுக்கிப் பிடித்து அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து ஓடும். லினக்ஸ் தனக்கு நேர்வதையெல்லாம் பதிவாக எழுதிக்கொண்டே போகும். கோளாறு என்றால் அதில் ஏதாவது ஒரு வரி அழுதிருக்கும். இதில் ஒரு அழுகையும் இல்லை. பேசிக்கொண்டிருந்தவன் பாதி வாக்கியத்தில் நிறுத்தின மாதிரி பதிவு நின்றிருந்தது.

லாஸ்பேட்டைக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். ராம் மெமரியைச் சோதித்தேன், மாற்றினேன். கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினேன். பிராசஸருக்கு மூச்சுத் திணறத் திணற வேலை கொடுத்தேன். நாள் முழுக்க அனலாக ஓடியது, ஒரு விக்கல்கூட இல்லை. அரியாங்குப்பம் பாலத்து நெரிசலில் மடியில் வைத்துக்கொண்டு போய்த் திரும்ப வைத்தேன். மறுநாள் போன் வருகிறது: “நின்னுபோச்சுப்பா.”

கடையின் எர்த்தைத் தோண்டி உப்பும் கரியும் போட்டேன். ஒயரிங்கை மாற்றினேன். யுபிஎஸ்ஸை மாற்றினேன். என் கடைக்குக் கொண்டுவந்தால் சிங்கம். தவளக்குப்பத்தில் வைத்தால் பிணம். கொத்தனார் மேஸ்திரி என்னைப் பார்க்கும்போதெல்லாம், “இன்னா கம்ப்யூட்டர்காரரே, உங்க மெஷினுக்கும் எங்க மாமியாருக்கும் ஒரே வியாதி. சொந்த ஊட்டுல இருந்தா நல்லா கீது, அடுத்த ஊட்டுக்கு வந்தா படுத்துக்குது” என்று சிரிப்பார். மாமனார் சிரிக்க மாட்டார். அதுதான் இன்னும் கஷ்டம்.

ஒருநாள் சகலை நாற்காலியிலிருந்தபடியே சொன்னார். கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

“தம்பி, அது வேலை செய்யும்போது நிக்கல. சும்மா இருக்கும்போதுதான் நிக்குது.”

“அப்படில்லாம் கிடையாது அண்ணே.”

“நான்தான பக்கத்துல குந்திருக்கேன். ஆளுங்க வந்து பில் போட்டுக்கிட்டே இருந்தா ஓடுது. மத்தியானம் யாரும் வராம அதும் நானும் தனியா இருக்கிறப்பதான் போயிடுது.”

நான் காதில் வாங்கவில்லை. சும்மா இருப்பதைப் பற்றி அவர் பேசுவதில் என்ன அதிசயம், அவருக்கு வேறு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்தமுறை போகும்போது தூரத்திலேயே கடையிலிருந்து பழைய பாட்டு கேட்டது. கம்ப்யூட்டரில் பாட்டுப் போட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமனார் சொல்லிவிட்டார்: “மாப்ளை கண்டுபுடிச்சிட்டாருப்பா. பாட்டுப் போட்டா நிக்க மாட்டேங்குது.”

“பாட்டுக்கும் மெஷினுக்கும் இன்னா மாமா சம்பந்தம்?”

“அது உனக்குத்தான் தெரியணும். ஆனா நிக்கல.”

நிற்கத்தான் இல்லை. வாரக்கணக்கில் நிற்கவில்லை. கடைக்கு வந்தவர்கள் எல்லாம் பாட்டுக் கேட்டுக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் நின்றார்கள். “கம்ப்யூட்டர்காரரால முடியல, பெரிய மாப்ளை பாட்டுப் போட்டு ஓட்டுறாரு” என்று தவளக்குப்பம் முழுக்கப் பேச்சு. என் மனைவியே வீட்டில் வந்து, “அக்கா வீட்டு மாமா இன்னா அழகா கண்டுபுடிச்சாரு பாத்தீங்களா?” என்றாள். ஒரு விரலை அசைத்தவர் இல்லை. நான் தோண்டிய குழி, மாற்றிய ஒயர், தூக்கிச் சுமந்த பாரம் எல்லாம் ஒரு பக்கம். அவர் உட்கார்ந்திருந்தது ஒரு பக்கம். தட்டு அவர் பக்கம் தாழ்ந்தது.

பாட்டை வீழ்த்தாமல் விடுவதில்லை என்று முடிவு கட்டினேன்.

பிராசஸருக்கு வேலை இல்லாவிட்டால் கரண்டை மிச்சம் பிடிக்கத் தூங்கும். இது எனக்கு முன்பே தெரியும். சி-ஸ்டேட் என்பார்கள். ஒரே தூக்கம் இல்லை, படிப்படியான தூக்கம். முதல் படி வெறுமனே கண்ணை மூடுவது; கூப்பிட்டால் உடனே எழுந்துவிடும். போகப்போக ஆழம். கடைசிப் படியில் கிட்டத்தட்ட கரண்டையே விட்டுவிட்டு விழுந்து கிடக்கும். கண்ணிமைக்கும் நேரத்துக்குள் ஆயிரம் தடவை தூங்கி எழுந்திருக்கும் சாமர்த்தியம் அதற்கு உண்டு. எந்தப் படிக்கு எத்தனை தரம் இறங்கியது என்பதை லினக்ஸ் எண்ணி வைத்திருக்கும். கேட்கத் தெரிந்தவனுக்குச் சொல்லும்.

கேட்டேன். பாட்டு ஓடும்போது கடைசிப் படியின் எண்ணிக்கை நொண்டிக்கொண்டு ஏறியது. பாட்டை நிறுத்தினேன், சரசரவென்று ஏறியது. அப்போதுதான் பிடிபட்டது. பாட்டு அதைத் தட்டித் தட்டி எழுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. ஆழத்துக்குப் போனால் சில தடவை அதற்கு எழுந்துவரத் தெரியவில்லை. போன இடத்திலேயே கிடந்துவிடுகிறது. என் கடையில் ஏன் நிற்கவில்லை? நான் அதைச் சும்மா விட்டதே இல்லையே. சோதனை, சோதனை என்று குடைந்துகொண்டே இருந்தேன்.

என்னைப் போலவே வேறு நாட்டில் யாரோ ஒருவன் இணையத்தில் புலம்பியிருந்தான். அவன் எழுதியதை மொழிபெயர்ப்பில் போட்டு, என் மதர்போர்டின் எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அதே ரகம். தூக்கப் படிகளை ஒவ்வொன்றாகத் தனியாக மூடித் திறக்க முடியும். கடைசிப் படியை மட்டும் மூடினேன். அணைத்துப் போட்டாலும் மறக்காதபடி, மெஷின் எழும்போதே லினக்ஸின் உயிர்ப்பகுதியான கெர்னலுக்குச் சொல்கிற வரியில், இதற்குமேல் ஆழமாகத் தூங்காதே என்று சேர்த்துவிட்டேன். இதைக் கண்டுபிடிக்க எத்தனை பட்டதாரிகள் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள் தெரியுமா? நான் ஆறாம் வகுப்பு.

ஆனால் இதை நிரூபிக்க வேண்டுமே. பாட்டு ஓடுகிறவரை பெயர் பாட்டுக்குத்தான்.

“அண்ணே, பாட்டை நிறுத்துங்க. சரி பண்ணிட்டேன்.”

“நல்லா பாடிக்கிட்டிருக்குது. ஏன் தம்பி?”

“நிறுத்தினாத்தான் தெரியும்.”

மாமனார் கைத்தடியால் தரையைத் தட்டினார். ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. “நிறுத்திப் பாருங்க மாப்ளே. இவன் இன்னா பண்ணிருக்கான்னு பாத்துடலாம்.”

பாட்டு நின்றது. மத்தியான நேரம், ஷட்டரைப் பாதி இறக்கியாயிற்று. மாமனார் கடைக்குள் போட்டிருந்த கட்டிலில், சகலை நாற்காலியில், நான் ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல். மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சும்மா இருப்பது எவ்வளவு பெரிய சித்திரவதை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் என் கை மேசையிலிருந்த நட்டு, போல்ட்டுகளைப் பிரித்து அடுக்க ஆரம்பித்துவிட்டது.

“தம்பி, மேசை ஆடுது.”

“ஆடினா இன்னா?”

“மவுஸ் நகருது பாருங்க. நீங்க ஆட்டினா அது எங்க தூங்கும்?”

கையை எடுத்தேன். காலால் தாளம் போட்டேன்.

“தம்பி.”

காலையும் நிறுத்தினேன். கை இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தொடைக்கு அடியில் செருகிக்கொண்டேன். மாமனார் அதைப் பார்த்துவிட்டு முதல்முறையாகச் சிரித்தார், என்னைப் பார்த்துத்தான். சகலை அசையாமல் இருந்தார். அவரும் அந்த மெஷினும் ஏதோ பேசி வைத்துக்கொண்ட மாதிரி ஒரே சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். எப்படி ஒரு மனிதனால் இப்படி இருக்க முடிகிறது? உடம்பில் எங்கேயும் அரிக்காதா? நாளைக்கு என்ன என்று ஒரு நினைப்பு வராதா? அவருடைய பென்ஷன்மேல், பட்டாளத்தின்மேல், மாமனாரின் ‘வாங்க’மேல்கூட நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். அந்த மத்தியானம் பட்டது வேறு. அந்த இரண்டு கைகள் வயிற்றின்மேல் கிடந்த விதத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

டீ வருகிற நேரம் ஆகியும் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. மெஷின் நிற்கவில்லை.

“இன்னா தம்பி பண்ணீங்க அத?” என்றார் சகலை.

“ரொம்ப ஆழமா தூங்க வுடாம பூட்டிட்டேன் அண்ணே.”

“அப்ப இனிமே அரைத் தூக்கந்தானா?”

“ஆமா.”

“பாவம்” என்றார். மெஷினைப் பார்த்துச் சொன்னாரா என்னைப் பார்த்துச் சொன்னாரா என்று தெரியவில்லை.

மாமனார் வேட்டியை விலக்கி அர்ணாக்கயிற்றிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்தார். என் கை தானாகத் தொடைக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை.

“மாப்ளே, நீங்க இன்னா சொல்றீங்க?”

“தம்பிகிட்டயே குடுங்க மாமா. நமக்கு ஷட்டர் தூக்க ஆவாது.”

“அதான் நானும் நெனச்சேன்.” சாவியை என் பக்கம் நீட்டினார். “இந்தாப்பா. மாப்ளையப் போயி காலைல எழுப்ப முடியுமா? நீதான் எப்பவும் முழிச்சிக்கிட்டிருக்கிற ஆளு.”

வாங்கிக்கொண்டேன். இரும்பு, அவர் உடம்புச் சூட்டோடு இருந்தது. நான் கேட்டது கைக்கு வந்துவிட்டது. கேட்ட இடத்திலிருந்து வரவில்லை. சகலை வேண்டாம் என்று ஒதுக்கியதால் வந்தது.

மாமனார் எழுந்து நடக்கத் தொடங்கிய கொஞ்ச நாளில் சகலையும் அண்ணியும் பிரான்சுக்கே போய்விட்டார்கள். அவர் மகள் அங்கேதான் இருக்கிறாள், அவளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. காரில் ஏறும்போது என் தோளில் கை வைத்தார். ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

“அந்த நாற்காலிய வெயில்ல போடாதீங்க தம்பி. வயர் விட்டுப்பூடும்.”

மாமனார் நடைவண்டியைப் பிடித்தபடி ரோட்டோரத்தில் நின்று அழுதார். எனக்காக அந்த மாதிரி ஒருநாள் அழுவாரா என்று அங்கேயே நின்று யோசித்தேன்.

அதற்குப் பிறகு கடையை நான் எப்படி மாற்றினேன் என்று வந்து பார்க்கவேண்டும். லாஸ்பேட்டைக் கடையை ஆட்களிடம் விட்டுவிட்டு முழு நேரமும் இங்கேதான். அடுக்குகள் புதுசு, டைல்ஸ் புதுசு, வியாபாரம் இரண்டு மடங்கு. வருகிறார்கள், வாங்குகிறார்கள், போகிறார்கள். ஒருவரும் நிற்பதில்லை. மாமனார் சாயங்காலம் வருவார், ஓரமாகக் கிடக்கும் நாற்காலியைப் பார்ப்பார். கடை நிறைய ஆள் இருக்கும். “இன்னாப்பா, இன்னிக்கு யாரும் வரலையா?” என்று கேட்பார்.

ஞாயிற்றுக்கிழமை சகலை வீடியோவில் வருவார். நான் கோத்த மெஷினில்தான். அங்கேயும் ஒரு நாற்காலி, அங்கேயும் கை வயிற்றின்மேல். பின்னால் ஜன்னலில் மழையோ பனியோ. மாமனார் சட்டை மாற்றிக்கொண்டு வந்து திரைக்கு முன்னால் உட்கார்வார். சாப்பிட்டாச்சா என்பது முடிந்ததும் இருவருக்கும் பேச ஒன்றுமிருக்காது. பேசாமலே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் நடுவில் போய் வியாபாரத்தைப் பற்றிச் சொன்னால், “இருப்பா” என்பார் மாமனார்.

சமீபத்தில் அந்த மதர்போர்டை எழுப்பிவிடும் நிரலான பயாஸ் புதுசாக வந்தது. ஆழத் தூக்கத்திலிருந்து எழ முடியாத கோளாறைத் திருத்தியிருப்பதாகச் சொன்னார்கள். பூட்டு அப்படியே இருந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது, மெஷின் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் ‘பாவம்’ என்று அவர் சொன்னது ஏனோ ஒட்டிக்கொண்டிருந்தது. புது பயாஸை ஏற்றினேன். கெர்னல் வரியில் நான் போட்ட பூட்டை எடுத்தேன். இனி எவ்வளவு ஆழம் வேண்டுமானாலும் போகலாம். எழுந்து வருகிறதா என்பதுதான் கேள்வி.

அதைப் பார்க்க ஒரே வழிதான் இருக்கிறது. அதைத் தொடாமல் விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார வேண்டும்.

சாயங்காலம், மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டிருந்தது. ஆட்களை அனுப்பிவிட்டேன். கை போய் மேசையை ஆட்டக்கூடாது என்று அதன்மேல் கிடந்த நட்டு, போல்ட்டுகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு, அந்த வயர் நாற்காலியை இழுத்துப்போட்டு ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். கல்லாவில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கும் தொந்தி விழுந்துவிட்டது. கையை வைக்க வேறு இடம் இல்லை. வயிற்றின்மேல் கோத்துக்கொண்டேன்.

மெஷினின் விசிறிச் சத்தம் குறைந்துகொண்டே போய் இல்லாமல் ஆயிற்று. ரோட்டுச் சத்தம் எங்கோ தூரத்தில் இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்கு அரிக்கவில்லை.

பின்னால் நடைவண்டி தரையில் ஊன்றும் சத்தம் கேட்டது. வாசலோடு நின்றது. மாமனாருக்கு அந்த வெளிச்சத்தில் கண் சரியாகத் தெரியாது.

“மாப்ளே!”

அந்தக் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதுவரை கேட்டதில்லை.

“வாங்க, வாங்க... எப்ப வந்தீங்க? ஒரு வார்த்த சொல்லலியே!”

திரையில் கடிகாரம் ஒரு நிமிடம் நகர்ந்தது. மெஷின் எழுந்துவிட்டது.

நான் திரும்பவில்லை. கையையும் எடுக்கவில்லை.